பக்கத்துக்கு உரியவர்

மார்ச் 2

தம்பி மனைவிக்கு,

என் பொருளை எடுத்துக்கொண்டு போய் உன் பொருள் என்று நாலு பேருக்குக் காட்டினாய். அது போதாதென்று, அதே பொருளை நான் கையில் எடுத்தபோது என்னைத் திருடி என்று புகார் கொடுத்திருக்கிறாய். நீ செய்த தவறு இதுதான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் நான். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

எந்தப் பொருள் என்று கேட்பாய். பெட்டி. என் தம்பி ஆறு வயதில் படுத்துத் தூங்கிய பெட்டி.

போனில் கூப்பிடாதே. ஆறு மாதமாக உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுது. தாளில் எழுதினால் நாளைக்கு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மாற்ற முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு பெண் சக்கரம் உடைந்த பெட்டியோடு என் பை ரிப்பேர் கடைக்கு வந்தாள். நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சும்மா இருக்க மாட்டாமல், “இந்தப் பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பையன் தாராளமா படுத்துக்கலாம், இல்லம்மா?” என்றாள்.

“பெட்டிக்குள்ள எதுக்குப் பையன் படுக்கணும்?” என்றேன்.

“போன்ல படிச்சேன்மா. எங்கப்பா போனதுக்கப்புறம் ஒரு குழுவுல சேர்ந்தேன். எல்லாரும் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவங்க. அதுல ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல பெட்டிக்குள்ளதான் தூங்குவாராம். படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை.”

திருப்புளி என் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. அந்தப் பெண்ணையே என் போனில் குழுவை ஏற்றித் தரச் சொன்னேன்.

‘யாரை இழந்தீர்கள்?’ என்று கேட்டது. தம்பி என்று போட்டு அவன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் போட்டேன். ‘இவருக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது. இறந்தவர் ஒருவருக்கு ஒரு பக்கம்தான். நீங்கள் இதில் எழுத, பக்கத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும்’ என்று பதில் வந்தது. பக்கத்துக்கு உரியவர் யார் என்று பார்த்தேன். ‘மாடிப்படி’ என்று ஒரு புனைபெயர். உள்ளே நீ.

என் தம்பியைப் பற்றி எழுத நான் உன்னிடம் அனுமதி கேட்பதா? அவனுக்கு முதல் பல் விழுந்தபோது நீ எந்த ஊரில் இருந்தாய்?

வேறு யாரையாவது போட்டால்தான் உள்ளே விடுவார்கள். எனக்கு வேறு யார் செத்திருக்கிறார்கள்? அம்மாவைப் போட்டேன். அம்மா போய் ஐம்பத்திரண்டு வருஷம். குழுவை நடத்தும், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கம் திறந்து கொடுத்தார். கண்ணெதிரில் அந்த உடைந்த சக்கரம் கிடந்தது. ‘ஒற்றைச் சக்கரம்’ என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

உன்னை வேவு பார்க்கத்தான் போனேன். மறைக்கவில்லை. ஆனால் சேர்ந்தவர் வாரத்துக்கு ஒரு முறையாவது எழுத வேண்டும் என்பது அங்கே விதி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பைகள் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே திணிக்கும் பழைய செய்தித்தாள்களை உருவி உருவிப் படித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. ஒரே விரலால் நாலு வரி தட்டினேன். ‘எங்கள் அம்மா பாட்டில் கழுவும் கூடத்தில் வேலை செய்தாள். கை எப்போதும் சில்லென்று இருக்கும். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கையை நெற்றியில் வைப்பாள். மருந்து வாங்கியதில்லை.’ அவ்வளவுதான். மறுநாள் அறுபது பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு தச்சர், மகளை இழந்தவர், ‘அந்தக் கையில் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது?’ என்று கேட்டிருந்தார். அன்றைக்குப் பதினொரு மணி வரை நான் கடையைத் திறக்கவில்லை. இது உனக்குத் தேவையில்லாத விஷயம். கை எழுதிவிட்டது, அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.

பிப்ரவரியில் பெட்டியைப் பற்றி எழுதினேன். அம்மா போன பிறகு பை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தது. பதினைந்து வயது எனக்கு, இரண்டாம் ஷிஃப்ட். தம்பியை விட்டுவர ஆள் இல்லாததால், தைத்து முடித்த பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து அவனைப் படுக்க வைத்தது. மூடி விழுந்து மூச்சு முட்டக் கூடாது என்று என் இடது செருப்பைக் கழற்றி இடுக்கில் செருகிவிட்டு, ஒற்றைச் செருப்போடு மிஷின் மிதித்தது. எல்லாம் என் காலும் என் கையும்.

நீ எழுதியிருப்பது என்ன? ‘மூடி விழாமல் இருக்க யாரோ ஒரு செருப்பை இடுக்கில் வைப்பார்களாம்.’ யாரோ. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாம் நாள் வெளியே பெஞ்சில் இதை உனக்குச் சொன்னவள் நான். அந்த ‘யாரோ’ நான்.

இப்போது நர்ஸம்மாவிடமிருந்து எனக்கு ஓலை வந்திருக்கிறது. அடுத்தவர் பக்கத்து நினைவை என்னுடையது என்று எழுதியதாக மாடிப்படி புகார் கொடுத்திருக்கிறாராம். மார்ச் 31-க்குள் சரியான விளக்கம் இல்லையென்றால் என்னை நீக்கி அம்மாவின் பக்கத்தையும் எடுத்துவிடுவார்களாம். தினமும் மத்தியானம் எனக்கு எழுதும் தச்சர் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள், ‘நீங்களா இப்படி?’ என்று இரண்டே சொல்.

பெட்டி என்னுடையது என்று நர்ஸம்மாவுக்கு எழுது. உடனே எழுது.

உன் நாத்தனார்

—

மார்ச் 7

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் பிரித்திருக்கக் கூடாது. பல் டாக்டரின் வரவேற்பு மேஜை இது. எதிரில் பாதி முகம் மரத்துப்போன ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கோணல் வாயோடு, “என்னம்மா, உங்களுக்கும் ஊசி போட்டுட்டாங்களா?” என்றார்.

ஒற்றைச் சக்கரம் நீங்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் மாடிப்படி நான் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். பாட்டில் கழுவிய அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியபோது நான் உங்களுக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குளிர்ந்த கை இன்று என் நெற்றியிலும் இருந்தது. நீங்கள் தனியாக இல்லை’ என்று எழுதினேன். நீங்கள் அதற்கு ‘நன்றி’ என்று ஒரு சொல் போட்டீர்கள். என் எண்ணைத் தடுத்து வைத்துக்கொண்டு, என் ஆறுதலை மட்டும் வேறு பெயரில் வாங்கிக்கொண்டீர்கள். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள் வரிசையாகச் சொன்னதால் நானும் சொல்கிறேன். அவர் போன பிறகு இந்த ஊருக்கு வந்து மூன்றாம் மாதம் அது. மாடி அறை, பதினாறு படி. யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் கடைக்குப் பட்டியல் எழுதினேன். சோப்பு, பால், பல்பு, அதற்கடுத்து அவருடைய ஷேவிங் பிளேடு. கை தானாக எழுதிவிட்டது. கடைக்காரர் எடுத்துக் கட்டியும் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பட்டியலைத்தான் நான் முதலில் குழுவில் போட்டேன். எழுத்து என்று அதை நினைக்கவில்லை. தச்சர்தான், ‘இதற்கு மேல் எழுதுங்கள், பட்டியலில் விட்டுப்போனது நிறைய இருக்கும்’ என்றார். அப்படித்தான் தொடங்கியது. எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அந்தக் குழு மட்டும்தான்.

பிறகு ஒற்றைச் சக்கரம் வந்தார். என் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உங்கள் அம்மாவிடம் போய்விட்டார்கள். தச்சர் மூன்று வாரமாக என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் நாலு வரி போட்டால் நாற்பது பேர் பதில் எழுதுகிறார்கள். நான் நாலு நாள் அடித்துத் திருத்திப் போட்டால் நாலு பேர். எனக்கு வயிறு எரிந்தது. யார் என்றே தெரியாத ஒருத்தியைப் பார்த்து எரிந்தது. அப்போதுதான் பெட்டி வந்தது. படித்துப் பத்து நிமிஷத்துக்குள் புகார் எழுதிவிட்டேன். கோபத்தில் எழுதினேன் என்று சொல்லலாம். ஒரு சந்தோஷமும் அதில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘யாரோ’ என்று போட்டதைக் கேட்டீர்கள். முதலில் ‘அவருடைய அக்கா’ என்றுதான் எழுதினேன். அழித்துவிட்டு ‘யாரோ’ என்று மாற்றினேன். தெரிந்தேதான் செய்தேன்.

இருபத்தொன்பது வருஷம், அக்கா. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்ததும் நேராக உங்கள் கடைக்கு வருவார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதை எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். “இன்னைக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லையே” என்பார். ஆறிப்போனதுதான் எனக்கு. குழுவில் இருக்கும் அந்தப் பக்கம் ஒன்றில்தான் நீங்கள் இல்லாமல் அவர் எனக்கு இருந்தார்.

நர்ஸம்மாவுக்கு நீங்கள் சொல்கிறபடி எழுதினால் திருடி நான் என்றாகிவிடும். அதே விதிப்படி என் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். அதனால் யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று. பெட்டி விஷயம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்பது சரியில்லை. அவரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

—

மார்ச் 11

தம்பி மனைவிக்கு,

அவன் உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டான். அந்தத் தொழிற்சாலையைப் பற்றி அவன் என்னிடமே வாயைத் திறந்ததில்லை. நான் பேச்செடுத்தால், “அதை விடுக்கா” என்று எழுந்து போய்விடுவான். என்னிடம் பேசாததை உன்னிடம் பேசினான் என்கிறாயா? அப்படியானால் எனக்குத் தெரியாத ஒரே ஒரு விஷயத்தைச் சொல். பெட்டியின் நிறம், பூட்டு, அதெல்லாம் வேண்டாம். அவை நான் உன்னிடம் சொன்னவை. நான் சொல்லாத ஒன்று. சொல்ல முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நர்ஸம்மாவுக்கு எழுது.

உன் ஆறுதலை வாங்கிக்கொண்டது உண்மை. ஏன் என்றும் சொல்கிறேன். நீ எழுதிய வரி நன்றாக இருந்தது. ஆத்திரமே அதுதான். நீ எழுதிய மற்றவற்றையும் படித்தேன். அந்த பிளேடுப் பட்டியலைப் படித்துவிட்டு, ‘என் தம்பிக்கு எந்த பிளேடு என்று இவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது’ என்று நினைத்தேன். எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் அவன் முகத்தைத் தினம் பார்த்தவள், எந்த பிளேடு என்று தெரியாது. அதற்காக அன்று முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன். உனக்கு எரிந்ததாக எழுதியிருக்கிறாய். நீ தனியாக எரியவில்லை.

நீக்கினால் நீக்கட்டும், எனக்கென்ன போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். கடை இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனால் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் அந்தப் பக்கத்தைத் திறந்து அம்மாவைப் பற்றி எழுதி வைத்ததைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. பதினைந்து வயதில் அவள் போனபோது அழ நேரம் இல்லை. பையனுக்குச் சாப்பாடு போட வேண்டியிருந்தது. அறுபத்தேழு வயதில்தான் நேரம் கிடைத்தது. இப்போது எழுத விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். எழுத வருவதை அட்டைப் பெட்டிகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் அந்த அட்டையில் சுற்றிய பையை வாங்கிக்கொண்டு போய், “அம்மா, இதுல உங்க கணக்கு ஏதோ எழுதியிருக்கு” என்று திருப்பிக் கொண்டுவந்தார். கணக்கு இல்லை, அம்மாவின் முழங்கை.

ஆக, எனக்கு அந்தப் பக்கம் வேண்டும். எடுக்க விட மாட்டேன்.

ஒருவருக்கு ஒரு பக்கம், ஒருவருக்கு ஒரு உரியவர் என்பதைப் படித்ததும் எனக்கு வேறொன்றுதான் ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். மஞ்சள் அட்டை. ஒரு மணி நேரம் நீ, ஒரு மணி நேரம் நான். பத்து நாள் ஒழுங்காக மாற்றிக்கொண்டோம். பதினோராம் நாள் நாலு மணிக்கு என் முறை. நான் பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஐந்து, நாலு பத்து, நாலு பதினைந்து. காவலாளியிடம் கேட்டேன். “பாஸ் இல்லாம விட முடியாதும்மா, உள்ள இருக்கறவங்க வரட்டும்” என்றான். நாலு இருபதுக்கு நீ வெளியே வந்தாய். அட்டையை நீட்டினாய். அப்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

அந்த இருபது நிமிஷம் என்னுடையது. அதை நீ வைத்துக்கொண்டாய். இன்றுவரை ஏன் என்று சொல்லவில்லை. அதனால்தான் உன் எண்ணைத் தடுத்தேன். பெட்டிக்கு முன்னால் நீ எடுத்தது அது.

—

மார்ச் 16

அக்காவுக்கு,

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்டீர்கள்.

அவர் தூங்க மாட்டாராம். நீங்கள் செருப்பைச் செருகிவிட்டு மிஷினுக்குத் திரும்பியதும் இடுக்கிலிருந்து அதை உருவி எடுத்துக் கட்டிப் பிடித்துக்கொள்வாராம். மூடி விழாமல் இருக்க முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொள்வாராம். ஏன் என்று கேட்டேன். “செருப்பு என்கிட்ட இருந்தா அக்கா என்னை விட்டுட்டு எங்கயும் போக முடியாது. வெறுங்காலோட எங்க போவா?” என்றார். அம்மா ஒரு நாள் வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை, இல்லையா. அப்படி நீங்களும் போய்விடக் கூடாது என்று. நீங்கள் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை விழித்திருந்துவிட்டுப் பிறகு கண்ணை மூடிக்கொள்வாராம்.

இதை அவர் எனக்குச் சொன்னது கல்யாணமான இரண்டாம் வருஷம். லிஃப்ட் ஒன்று நின்றுபோய் உள்ளே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்த அன்று. “பயமா இருந்ததா?” என்று கேட்டேன். “எனக்குப் பழக்கம்தான்” என்று ஆரம்பித்து இதைச் சொன்னார். “அக்காகிட்ட சொல்லிடாதே, அழுவா” என்றார். நான் சொல்லவில்லை. பெஞ்சில் நீங்கள் சொன்னபோதும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன். பக்கத்திலும் இந்தப் பகுதியை எழுதவில்லை. உங்கள் பெயரை மறைத்தேன். அவர் கேட்டுக்கொண்டதை மீறவில்லை. இப்போதுதான் மீறியிருக்கிறேன்.

இனி நாலு மணி.

மணி நாலானது எனக்குத் தெரியும். கட்டிலுக்கு எதிரிலேயே கடிகாரம் இருந்தது. மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்று சொன்னால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். அது பொய். உங்கள் முறை என்று தெரிந்தே நான் எழுந்திருக்கவில்லை.

ஆறாம் நாள் நீங்கள் உள்ளே இருந்த நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார் என்று நர்ஸ் வந்து சொன்னாள். எனக்கு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. காதருகில் குனிந்து கூப்பிட்டிருக்கிறேன். லிஃப்ட் ஸ்பேனரின் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். திறக்கவில்லை. அக்கா வந்தால் மட்டும் திறக்கிறார். பதினோராம் நாள் மானிட்டரில் எண்கள் இறங்கத் தொடங்கியபோது, இப்போது நான் வெளியே போனால், நீங்கள் உள்ளே வருவீர்கள், உங்களுக்காகத் திறப்பார், அதோடு முடிந்துவிடும் என்று தோன்றியது. ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்று உட்கார்ந்தேன். பிறகு இன்னும் ஒரு நிமிஷம். இருபது தடவை.

அந்த இருபது நிமிஷத்தில் என்ன நடந்தது என்பதை எழுதி வைத்திருக்கிறேன். ஏழு தாள். குழுவில் போடவில்லை. போட்டால் ஆயிரம் பேர் வருவார்கள். தச்சரும் வருவார். ஆனால் அத்தனை பேருக்கும் முன்னால் அதைப் பார்க்க வேண்டியவர் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்.

திட்டுங்கள். தாளிலேயே திட்டுங்கள்.

—

மார்ச் 19

உன் கடிதம் வந்தது.

செருப்பு தினமும் பெட்டிக்குள்தான் கிடக்கும். அவன் தூக்கத்தில் புரண்டபோது உள்ளே விழுந்தது என்று நினைத்தேன். மூடி எப்படி நின்றது என்று யோசிக்கவில்லை. வலது முழங்காலில் ஒரு சிவந்த கோடு இருக்கும். எங்கே விழுந்தாய் என்று அடித்துக் கேட்டேன். சொல்லவில்லை.

அவன் உன்னிடம் சொன்னது உண்மை.

மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன். இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை.

—

மார்ச் 22

அக்காவுக்கு,

அந்தச் சின்னக் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. இரண்டு நாள் கடை மூடியிருக்கிறது என்றால் சாப்பிட்டீர்களா? பக்கத்துக் கடைக்காரரின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். “ஜிப் அக்காவா? உள்ளதான் இருக்காங்க. ஏதோ எழுதிக்கிட்டே இருக்காங்க. கேட்டா, போய் உன் வேலையைப் பாருங்கறாங்க” என்றார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

நர்ஸம்மா மறுபடி கேட்டிருக்கிறார். ‘உங்கள் புகாரில் உறுதியாக இருக்கிறீர்களா?’ என்று. இன்னும் பதில் போடவில்லை. என்ன எழுதட்டும்? என் பக்கத்தை விட்டுக்கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். மனசு வரவில்லை. உங்கள் அம்மாவின் பக்கம் பறிபோக விடவும் மனசு வரவில்லை. அந்தக் கை தேய்ந்திருந்தது எந்தப் பக்கம் என்று நீங்கள் தச்சருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நானும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொல்லுங்கள், அக்கா. நாள் குறைவாக இருக்கிறது.

—

மார்ச் 25

தம்பி மனைவிக்கு,

சாப்பிட்டேன். அடுத்த தடவை என்னை வேவு பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கடைக்காரனைக் கேட்காதே. அவன் பத்து பேரிடம் சொல்லிவிட்டான்.

என்னிடம் சொல்லாத ஒன்றை அவன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். அதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஐம்பது வருஷமாக, நான் அவனைக் காவல் காத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வயதில் முழங்காலை முட்டுக் கொடுத்து அவன் என்னைக் காவல் காத்திருக்கிறான். அது தெரிந்தவள் நீ. இருபத்தேழு வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தாய். எனக்கு அது முடிந்திருக்காது.

நாலு மணி விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று காத்திருக்காதே. காரணம் சொன்னாய், காரணம் புரிகிறது. புரிந்தால் ஆறிவிடும் என்று யார் சொன்னது?

ஆனால் நீ ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டு செய்திருக்கிறாய். அந்தத் தப்பு என்னால் வந்தது. ஆறாம் நாள் அவன் கண் திறந்தது எனக்காக இல்லை. நான் உள்ளே போனபோதே திறந்திருந்தது. நான் கூப்பிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டிக் கதவைப் பார்த்தான். நான் நகர்ந்து முன்னால் நின்றேன், அப்போதும் பக்கவாட்டில் கதவையே தேடினான். யாரைத் தேடினான் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து உன்னை அனுப்பியிருக்க வேண்டும். என் நேரம் இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறதே என்று உட்கார்ந்துகொண்டேன். அதற்குள் மூடிவிட்டான். நர்ஸ் உன்னிடம் வந்து சொன்னபோது, “அக்காவுக்குத்தான் கண்ணைத் திறப்பார்” என்று நீ சொன்னாய். நான் திருத்தவில்லை. அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

இதை ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. குழுவிலும் எழுதவில்லை. நீ இருபது நிமிஷம் வைத்துக்கொண்டாய், நான் நாற்பது நிமிஷம் வைத்துக்கொண்டேன். யாருடையது பெரியது என்று பார்க்க நான் உட்காரப் போவதில்லை.

இனி ஆக வேண்டியவற்றை எழுதுகிறேன். யார் செய்வது என்றும் சேர்த்தே எழுதுகிறேன். பிறகு, எனக்குத் தெரியாது, நீங்கள் செய்வீர்கள் என்று நினைத்தேன் என்ற பேச்சு வேண்டாம்.

நர்ஸம்மாவுக்கு நீ எழுத வேண்டும், இது கிடைத்த அன்றே. புகாரை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுது. பெட்டிக்கு வெளியே நின்றவளிடம் ஒரு கதை இருக்கிறது, உள்ளே படுத்திருந்தவன் சொன்னது உன்னிடம் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு, யாரும் யாரிடமும் திருடவில்லை என்று எழுது. மன்னிப்பு என்ற சொல்லைப் போடாதே. அந்தக் குழுவில் அது ஏற்கெனவே மலிந்து கிடக்கிறது.

‘யாரோ’ என்பதை நீயே அழிக்க வேண்டும். அக்கா என்று போட்டால் போதும். தியாகம், தெய்வம் என்று எதையாவது சேர்த்தாயானால் நான் புகார் கொடுப்பேன்.

நர்ஸம்மா அந்த விதியை மாற்ற வேண்டும். இறந்தவர் ஒருவர்தான், இழந்தவர் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் பாஸ் கொடுத்துப் பழகிய கை, அப்படியே இங்கேயும் வந்துவிட்டது போலிருக்கிறது. இதை அவருக்கு எழுத வேண்டியது நான். எழுதிவிட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. மாற்றும்வரை வாரம் ஒன்று எழுதுவேன்.

விதி மாறினால் தம்பியின் பக்கத்தில் நான் எழுதுவேன். நீ அதைத் திருத்தக் கூடாது. என் அம்மாவின் பக்கத்தில் எழுத நீ கேட்டால் யோசிப்பேன். நீ அவளைப் பார்த்ததில்லை, ஆனால் அவளுக்கு மருமகள் நீதான். வேறு ஆள் இல்லை.

தச்சர் உன் பக்கத்தில் உன் எழுத்துதான் உசத்தி என்றும் என் பக்கத்தில் என் எழுத்துதான் உசத்தி என்றும் தனித்தனியாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். இதை அவரிடம் சொல்ல வேண்டியது நீ. நான் சொன்னால் சண்டை போல இருக்கும். அம்மாவின் கை வலது பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே தேய்ந்திருந்தது என்றும் சொல்லிவிடு. என்னை எழுத விட இன்னும் எத்தனை நாள் ஆகுமோ, மனுஷன் காத்திருக்கிறார்.

அந்த ஏழு தாளைக் குழுவில் போடாதே. ஏப்ரல் முதல் ஞாயிறு கடைக்கு விடுமுறை. காலை பஸ்ஸில் நீ வர வேண்டும். தாளை என்னிடம் கொடுக்க வேண்டாம், உன் வாயால் நீயே வாசிக்க வேண்டும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதாவது ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருப்பேன். தலை குனிந்திருப்பதால் கேட்கவில்லை என்று நினைக்காதே. அவன் கண்ணைத் திறந்தானா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிடாதே, எழுதிய வரிசையிலேயே வா. நடுவில் நான் எழுந்து உள் அறைக்குப் போனாலும் நீ நிறுத்தக் கூடாது. குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசி. அங்கே கேட்கும்.